நான்கு போல்ட்டு வேலை

அமெரிக்காவின் 1970களின் ஷெவர்லே பிக்கப் வண்டிகளில், பாயும் காற்றினால் எழும் அழுத்தக் குறைவைக் கொண்டே பெட்ரோலை உறிஞ்சிக் கலக்கும் கார்புரேட்டர் இருந்தது. குளிர்காலக் காலைகளில் முரண்டு பிடிப்பதைத் தவிர அதன்மீது பெரிய குற்றம் சொல்வதற்கில்லை. அதைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டரை வீட்டுக் கொட்டகையிலேயே பொருத்த முனையும் உரிமையாளர், நான்கு போல்ட்டுகளோடு வேலை முடிந்தது என்றே எண்ணுகிறார். ஆனால், சதுர அங்குலத்துக்கு ஆறேழு பவுண்டு அழுத்தம் தந்துவந்த பழைய பம்பு, ஏறத்தாழ 58 பவுண்டு கேட்கும் புதிய கருவிக்குப் போதாது. புதிய பம்பு வந்தால் பழைய ரப்பர் குழாய் தாங்காது. மிஞ்சிய பெட்ரோல் டாங்கிக்குத் திரும்பத் தனி வழி வேண்டும். புகைக்குழாயைத் துளைத்து, எஞ்சிய ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் சென்சாரைப் பொருத்த வேண்டும். காற்றும் பெட்ரோலும் 14.7க்கு 1 என்னும் எடை விகிதத்தில் கலக்கின்றனவா என்று கணக்குப் பார்க்க ஒரு கணினியும் வேண்டும். எலியிடமிருந்து கோவணத்தைக் காக்கப் பூனை வளர்த்து, பூனையின் பாலுக்காகப் பசு வாங்கிய கதைச் சந்நியாசி இவரிடம் தோற்றுப்போவார். இத்தனைக்கும் பிறகு வண்டி முதல் திருகலிலேயே கிளம்பக்கூடும். கழற்றிய கார்புரேட்டரைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துவதே அப்போதும் புத்திசாலித்தனம்.