ஏழரை டிகிரி மாமா

செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் சுவருக்குப் போய்விடும். கடிகாரம் இருக்கிறதா, அதில் முள் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வார். தண்ணீர்ச் சொம்பைக் கையில் வாங்கிக் குடிக்காமலே வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்களில் இன்றைக்கு யார் இளிச்சவாயன் என்று ஒரு நோட்டம் விடுவார். பிறகு கேள்வி விழும்: “மூணேகால் மணிக்கு ரெண்டு முள்ளுக்கும் நடுவுல எத்தனை டிகிரி?”

உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார். நான் பொதுவாகத்தான் சொல்கிறேன். எச்.எம்.டி. வாட்ச்சை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டுகிறவர், கணக்குப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஏழு அதிரசம் சாப்பிட்டுவிட்டு எண்ணெய் காறுகிறது என்றவர், இப்படி யாரையும் மனசில் வைத்துக்கொண்டு எழுதவில்லை.

கேட்டதும் எல்லோரும் “சைபர்” என்பார்கள். பெரிய முள்ளும் 3-ல், சின்ன முள்ளும் 3-ல், சைபர்தானே? அந்தச் சொல் காதில் விழும்போது மாமா முகத்தில் பூக்கிற பூரிப்பு, பேரன் பிறந்த அன்றுகூட வரவில்லை.

“பெரிய முள்ளு கால் மணி நேரம் ஓடியாந்து மூணுல நிக்குது. அதுவரைக்கும் சின்ன முள்ளு என்ன பண்ணுச்சு? சம்பளத்தை வாங்கிட்டுச் சும்மா உக்காந்திருந்துச்சா?”

அதுவும் நகர்ந்திருக்கிறது. மணிக்கு 30 டிகிரி என்றால் நிமிஷத்துக்கு அரை டிகிரி. 15 நிமிஷத்துக்கு ஏழரை. “ஏழரை!” என்று இரண்டு விரலையும் இடுக்கிக் காட்டுவார். ஏழரை என்றால் நமக்கு ஞாபகம் வருவது சனி. அன்றைக்கு அது சரியாகவும் இருக்கும்.

அடுத்து சூத்திரம். மணியை 30-ஆல் பெருக்கு, நிமிஷத்தை அஞ்சரையால் பெருக்கு, பெரிசிலிருந்து சின்னதைக் கழி, 180-ஐத் தாண்டினால் 360-லிருந்து கழி. அது என்ன அஞ்சரை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பெரிய முள் நிமிஷத்துக்கு 6 டிகிரி ஓடுகிறது, சின்ன முள் அரை டிகிரி, மிச்சம் அஞ்சரை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவர் இதை ஈரோட்டிலிருந்து இரண்டு ரயில்களைக் கிளப்பிவிட்டு விளக்குவார். ஒரு ரயில் சேலம் சேர்வதற்குள் காப்பி ஆறிவிடும். பேப்பரில் வாட்ச் விளம்பரம் வந்தால் விலையைப் பார்க்க மாட்டார். பத்து பத்து, 115 டிகிரி என்று மடித்து வைத்துவிடுவார்.

இவ்வளவு தெரிந்தவரிடம் மணி கேட்டுப் பாருங்கள். அதுமட்டும் சொல்ல மாட்டார்.

ஒருமுறை பழனியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஆறு மணிக்கு பஸ். என் செல்போன் செத்துவிட்டது, வானம் மூடிக்கொண்டு பகலா இரவா என்று தெரியாத வெளிச்சம். “மணி என்னங்க மாமா?” என்றேன். வாட்ச்சைத் திருப்பிப் பார்த்து, “எழுபது டிகிரி மாப்ளே” என்றார். எனக்கும் ரோஷம் வந்தது. ஐந்தில் ஆரம்பித்தேன். ஐந்தை 30-ஆல் பெருக்கினால் 150. நிமிஷம் 40 என்று வைத்தால் 220. வித்தியாசம் 70. ஆக, ஐந்து நாற்பது! நானே போட்ட கணக்கு என்ற பெருமையில் நிதானமாக ஒரு டீ, ஒரு வாழைக்காய் பஜ்ஜி. போய்ப் பார்த்தால் பஸ் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. நான் கேட்டபோதே மணி ஆறு இருபது.

ஆறு இருபதுக்கும் எழுபது டிகிரிதான். ஆறை 30-ஆல் பெருக்கினால் 180, கழித்தல் 110. ஐந்து நாற்பதைக் கண்ணாடியில் பார்த்தால் ஆறு இருபது. “அடடே, ரெண்டு விடை இருக்குன்னு யோசிக்கலையா மாப்ளே?” என்று அவர்தான் என்னிடம் வருத்தப்பட்டார். இரண்டா? முட்கள் சேரும் நேரத்தையும் நேர் எதிரே நிற்கும் நேரத்தையும் தள்ளிவிட்டால், எந்தக் கோணமும் 12 மணி நேரத்தில் 22 தடவை வரும். கோணத்தைச் சொல்கிறவன் உங்களிடம் இருபத்திரண்டு மணிகளைக் கொடுத்துவிட்டு, ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்கிறான். இந்த ஞானத்தோடு அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

மாமா கோயிலுக்குப் போவார், ஆனால் ராகு காலம் பார்க்க மாட்டார். ராகு காலத்தை அளப்பார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்: ஞாயிறு நாலரைக்கு 45, திங்கள் ஏழரைக்கு 45, செவ்வாய் மூன்றுக்கு 90, புதன் பன்னிரண்டுக்கு சைபர், வியாழன் ஒன்றரைக்கும் வெள்ளி பத்தரைக்கும் 135, சனி ஒன்பதுக்கு 90. எல்லாமே 45-ன் வாய்ப்பாடு! ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் அப்படித்தான் வரும் என்று அவருக்கும் தெரியும். 90-ஐ அஞ்சரையால் பெருக்கினால் 495, ஒரு முழுச் சுற்றுப் போக 135. தெரிந்தும் புரோகிதரைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ராகுவின் வீட்டுப் பட்டாவைக் கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி அந்தத் தாளை நீட்டுகிறார்.

என் மைத்துனன் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை, காலை 7.30-க்கு மேல் 9-க்குள் முகூர்த்தம். மாமா முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு முள்ளும் இரண்டு தடவை ஒன்றாகச் சேர்கின்றன: 7 மணி 38 நிமிஷத்துக்குச் சற்றே மேல், அப்புறம் 8 மணி 43 நிமிஷம் கடந்து அரை நிமிஷத்துக்கு மேல். “சேர்ந்து நிக்கிறப்பக் கட்டுனாத்தானே சேர்ந்து இருப்பாங்க?” என்று புரோகிதரிடம் கேட்டார். புரோகிதர் நெய்யை ஊற்றினார்.

முதல் சந்தர்ப்பம் பெண்ணுக்குப் பூ வைப்பதில் போய்விட்டது. கெட்டிமேளம் கொட்டியது எட்டு ஐந்துக்கு. எல்லோரும் அட்சதை போட்டோம். மாமா போடவில்லை. இடது கை மூடி இருந்தது, பார்வை வாட்ச்சில் இருந்தது. பந்தியில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்து இலையில் பாயசம் விழுந்த சமயம், பின்னாலிருந்து மஞ்சள் அரிசி சடசடவென்று வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் மாமா. “எட்டு நாப்பத்தி மூணு” என்றார் திருப்தியாக. அவர் வாயிலிருந்து நேரடியாக நான் கேட்ட ஒரே மணி அது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே பந்தியில் என் தங்கை தேடிப்போய் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மற்ற மாமாக்களும் அத்தைகளும் அவளைக் கண்டால் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். இவர் மூணேகால் கேட்பார். அவள் ஒவ்வொரு முறையும் “சைபர்” என்பாள். விடை அவளுக்கு நாலு வருஷமாகத் தெரியும்.

ஆனால் என் மகள் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் வகுப்பு. மணி பார்க்கவே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள். சின்ன முள் எதைக் காட்டுகிறதோ அது மணி என்று சொல்லிக் கொடுத்திருந்தோம். பத்துப் பேர் நடுவில் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி மூணேகால் கேட்டார். அவள் யோசித்து, “ஒண்ணுமே இல்லைங்க தாத்தா, ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும்” என்றாள். அவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். அன்று ராத்திரி அவள் தன் ரோஸ் நிற வாட்ச்சைக் கழற்றி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டாள். குழந்தை தெரியாமல் தப்பாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே ஒரு கேள்வியைப் பெரியவர்கள் கையில் வைத்துக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்கவில்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகப் பொங்கலுக்கு அவர் வருகிறார் என்று தெரிந்ததும் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். வந்தார். செருப்பைக் கழற்றினார். கண் மேலே போனது. கடிகாரம் இருந்த இடத்தில் பழைய சுண்ணாம்பு வட்டமாக வெளுத்துக் கிடந்தது, உச்சியை ஒட்டி ஒரு ஆணி. மாமா ஒன்றும் பேசவில்லை. முதல் தடவையாகச் சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளைக் கூப்பிட்டார்.

“கண்ணு, இங்க வா. அந்த வட்டத்தோட விட்டம் ஒரு அடின்னு வெச்சுக்க. ஆணி நடுவுல இல்ல, ஏமாந்துறாதே.”