அதிவேக சலூன் கார் நிலை சேர்தல் குறித்து ஓர் ஆராய்ச்சி

சலூன் என்னும் சொல்லுக்குத் திருவண்ணாமலையில் முடி வெட்டும் கடை என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. ஆகவே என் மைத்துனர், அரிசி மண்டியில் மூன்று தலைமுறையாகச் சேர்ந்த பணத்தில் ஒரு பெரும் பகுதியைக் கொடுத்து, ‘ஹை பர்ஃபார்மன்ஸ் லக்ஷுரி சலூன்’ என்று விற்பனைத் தாளில் வர்ணிக்கப்பட்டிருந்த ஒரு ஜெர்மானிய வாகனத்தை வாங்கப் போகிற செய்தியை எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அறிவித்தபோது, என் மனைவி, “இந்த வயசுல உனக்கு எதுக்குடா தம்பி சலூன் வைக்கிற வேலை?” என்று கேட்டது அறியாமையால் அன்று, வழக்குச் சொல்லின்மேல் அவளுக்குள்ள பற்றினாலேயே ஆகும்.

‘கார்’ என்னும் சொல்லோ இன்னும் சிக்கலானது. கருமை, மேகம், ஆவணி புரட்டாசியாகிய பருவம், ஒருவகை நெல் என இத்தனையையும் தமிழில் அது குறிக்கும். மைத்துனர் வாங்கிய வண்டி கறுப்பு. மேகத்தைப் போல் உறுமுவது. வந்து சேர்ந்தது ஆவணியில். அதற்குக் கொடுத்த பணமோ நெல்லில் விளைந்தது. இவ்வளவு பொருத்தம் இருக்கையில், இச்சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று எந்த மொழிநூலார் சாதித்தாலும் நான் இணங்குவதற்கில்லை. போதாக்குறைக்கு, நம் தேரைக் கண்ட வெள்ளைக்காரர்களும் அதைக் ‘கார்’ என்றே அழைத்து, தேரோடும் வீதிகளைக் ‘கார் ஸ்ட்ரீட்’ என்று எழுதி வைத்துப் போனார்கள். கார் ஸ்ட்ரீட்டில் கார் ஓட்ட இடமில்லாமற் போனது பிற்கால வரலாறு.

இனி லக்ஷணம். மூடிய கூரையும் நான்கு கதவுகளும் தனியே பிரிந்து நிற்கும் டிக்கியும் உடையது சலூன். அதற்கு ‘அதிவேக’ என்ற அடைமொழி எப்போது பொருந்துமெனில், குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிற வண்டியின் வயிற்றுக்குள் பந்தயத்துக்குப் போகிற எஞ்சினை ஒளித்து வைக்கும்போது பொருந்தும். 1959-இல் வெளிவந்த ஜாகுவார் மார்க் 2 இவ்வகைக்கு ஓர் ஆதி உதாரணம். இங்கிலாந்தில் போலீசாரும் கொள்ளைக்காரர்களும் ஒரே மாதிரி விரும்பிய வண்டி என்ற பெருமை அதற்குண்டு. 1968-இல் மெர்சிடிஸார் தங்கள் கனவான் வண்டி ஒன்றில் 6.3 லிட்டர் எஞ்சினைப் புகுத்தினார்கள். 1985-இல் பி.எம்.டபிள்யூவின் எம்5 286 குதிரைகளோடு வந்தது. இருபது ஆண்டு கழித்து அதன் கொள்ளுப்பேரன் பத்து சிலிண்டர்களும் 507 குதிரைகளும் பூட்டிக்கொண்டு வந்தான். பரம்பரை பெருகப் பெருகக் குதிரை பெருகிற்று. சாலை மட்டும் பழைய சாலையாகவே இருந்தது.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய ரதம் ஒன்றைச் செய்ய முயன்ற கதை உண்டு. அதைக் கூறாமல் மேலே செல்வது ஆராய்ச்சி தர்மம் ஆகாது. 1976-இல் இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியார் எஸ்.டி.1 என்ற அழகிய காரை வெளியிட்டு, மறு ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றார்கள். மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர். அங்கே அதற்கு மவுசு குறைந்த காலத்தில், சென்னைக்கருகே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அந்த உடலை இங்கே வரவழைத்து, 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று நாமகரணம் செய்தது. உடல் வந்தது, உயிர் வரவில்லை. எட்டு சிலிண்டர் இருந்த இடத்தில், இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்து வான்கார்டு காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். அந்த எஞ்சினின் உடன்பிறப்பு ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் உழுதுகொண்டிருந்தது. நம் சாலைகளின் மேடுபள்ளம் கருதி வண்டியைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தியும் விட்டார்கள். பந்தயக்காரனின் சட்டையை உழவனுக்கு மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டிவிட்டதை ஒத்த இந்தக் காட்சியை மக்கள் நின்று பார்த்தார்கள்; வாங்கவில்லை. 1988-இல் தொழிற்சாலை நின்றது. நகைப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வெளித்தோற்றம் அதிவேகமாகவும் உண்மை வேகம் உழவு வேகமாகவும் இருக்கிற ஒரு வாகனத்தை, பிற்காலத்தில் எங்கள் ஊர் எந்தச் செலவுமின்றி, எஞ்சினை மாற்றாமலேயே செய்து காட்டியது என்பதை நிறுவவே இந்தப் பீடிகை.

மைத்துனரின் வண்டி இன்ன கம்பெனியது என்று நான் சொல்வதற்கில்லை. ஜெர்மானியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு ஐந்நூறுக்கு மேல் குதிரைச் சக்தி. ஒரு நிமிஷத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயரம் தூக்குவது ஒரு குதிரைச் சக்தி என்று ஜேம்ஸ் வாட் வகுத்தார். கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டி எங்கள் ஊரில் கூடும் சந்தையில் மாட்டோடு குதிரையும் விலைக்கு வரும்; அங்கே பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கலாம், பிடிக்காவிட்டால் மறு வருஷம் விற்கலாம். மைத்துனரின் குதிரைகளையோ கண்ணால் காண இயலாது. தீனி மட்டும் கண்கூடு. ஊருக்குள் ஒரு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர், அதுவும் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல். உலகம் முழுவதையும் நாள்தோறும் சுற்றிவரும் சூரிய பகவானுக்கு ஏழு குதிரைகள் போதுமானவையாக இருக்க, மண்டிக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள முக்கால் மைலுக்கு ஐந்நூறு எதற்கு என்ற பூர்வபட்சத்துக்கு மைத்துனர் இதுவரை சமாதானம் கூறவில்லை. அவருடைய டிரைவரோ உண்மை விளம்பி. “சார், எட்டு கியர்ல ரெண்டுதான் வேலை செய்யுது. மீதி ஆறும் பென்ஷன் வாங்குற மாதிரி உட்கார்ந்திருக்கு” என்றார்.

வேகத்தின் உச்சத்தைக் கணக்கிடுவோம். ஜெர்மானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டபடி இத்தகைய வண்டிகள் பலவும் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டப்பட்டிருக்கின்றன. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஆகவே இந்த வண்டி இந்திரலிங்கத்தில் புறப்பட்டு அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் என்று திசைகாவலர் அனைவரையும் கடந்து, ஈசானியத்தையும் தொட்டுச் சுற்றை முடிக்க 3 நிமிஷம் 22 விநாடி போதும். கால்நடையாய்ப் போகிற பக்தருக்கு நான்கு மணி நேரம். இந்தக் கணக்கை நான் தாளில் போட்டுக் காட்டியபோது மைத்துனர் மெய்மறந்து போனார். பௌர்ணமியன்றுதான் வலம்வருவது விசேஷம் என்பதையும், பௌர்ணமியன்று அந்தப் பாதையில் வண்டிக்கே அனுமதி இல்லை என்பதையும் நான் பிறகுதான் நினைவூட்டினேன்.

வாகன வேகத்துக்கும் வலம்வருவதற்கும் உள்ள தொடர்பு குறித்து நமக்கு ஒரு பழைய வழக்கே இருக்கிறது. உலகை முதலில் சுற்றி வருபவருக்கு ஒரு மாம்பழம் என்று பந்தயம் வைக்கப்பட்டபோது, மயில் என்னும் அதிவேக வாகனத்தை உடையவர் உடனே கிளம்பிவிட்டார். மூஞ்சூறு என்னும் மிதவேக வாகனத்தை உடையவர் அம்மையப்பரை ஒருமுறை வலம்வந்து பழத்தைப் பெற்றுக்கொண்டார். தோற்றவர் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போனதை எல்லோரும் அறிவர். மயிலின் மனநிலை என்ன ஆயிற்று என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறை சென்ற ஆண்டு தீர்ந்தது. செங்கம் சாலையில் ஆசிரமங்கள் இருக்கிற பக்கம் மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டு மைத்துனர் காபி சாப்பிடப் போயிருந்த வேளையில், அங்கே சுதந்திரமாய் உலவும் மயில்களில் ஒன்று, மெழுகு பூசிப் பளபளத்த கறுப்புக் கதவில் இன்னொரு ஆண்மயில் நிற்பதைக் கண்டது. தோகையை விரித்தது, அதுவும் விரித்தது. கழுத்தை நீட்டியது, அதுவும் நீட்டியது. பிறகு நடந்ததைக் கதவின்மீது இருபத்து மூன்று கீறல்களாகப் பதிவு செய்துவிட்டுப் போயிற்று. கதவுக்கு மறுவர்ணம் பூச ஆன தொகையில் எங்கள் தெருவில் இருவர் ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். “மாமா, இதுக்கு இன்ஷூரன்ஸ்ல என்ன காரணம்னு எழுதறது?” என்று மைத்துனர் கேட்டார். பழைய பகை என்று எழுதச் சொன்னேன்.

பராமரிப்பு என்னும் அதிகாரம் பெரிது, சிலவற்றையே தொடுகிறேன். இவ்வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய டயர்களைப் போட்டு, மாற்றுச் சக்கரத்தை எடுத்துவிட்டார்கள். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்தில் ஸ்டெப்னி என்ற தெருவில் பிறந்த காரணத்தால் அந்தப் பெயர் பெற்ற மாற்றுச் சக்கரம், பிறந்த நாட்டில் பெயரை இழந்து, நம் பஞ்சர் கடைகளில் சிரஞ்சீவியாய் வாழ்கிறது. டிக்கியைத் திறந்து தேடிய எங்கள் பஞ்சர் கடைக்காரர், “ஸ்டெப்னி இல்லாம வண்டியா சார்? ஏமாத்திட்டாங்க” என்று துக்கம் விசாரித்தார். சூரியனுடைய ரதத்துக்கு இருப்பதே ஒற்றைச் சக்கரம், அதற்கும் ஸ்டெப்னி இல்லை என்று நான் தேற்றினேன்.

வேகத்தடையைப் பற்றி இந்தியச் சாலைகள் காங்கிரஸ் விதி செய்திருக்கிறது. காங்கிரஸ் என்றதும் அரசியல் என்று யாரும் அஞ்சவேண்டாம், இது எஞ்சினியர்களின் சபை. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கத் தக்கது என்பது அந்த விதி. எங்கள் பக்கத்துக் கிராமங்களிலோ ஓர் ஆடு அடிபட்ட அன்று மாலை, ஆட்டின் மதிப்புக்கு ஏற்ற உயரத்தில் தடை எழும்பிவிடும். தரைக்கு ஒரு சாண்கூட இடைவெளி இல்லாத இவ்வாகனம் அதன்முன் வந்து நின்றதும், டிரைவர் மரியாதையோடு திரும்பிப் பார்ப்பார். நாங்கள் குடும்பமாக இறங்கி, தடையை நடந்து கடந்து, அப்பால் சென்று காத்திருப்போம். வண்டி நண்டைப் போலக் கோணலாக ஏறி இறங்கி வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். ஒரு கல்யாணத்துக்காக உட்சாலை வழியே செஞ்சி வரை போனதில் நான் ஐந்து முறை இறங்கினேன். சலூனில் போகிறவன் இவ்வளவு நடக்கவேண்டும் என்று தெரிந்திருந்தால் வேறு செருப்புப் போட்டிருப்பேன்.

வண்டியின் நாற்புறமும் தடையை உணர்ந்து கூவும் கருவிகள் உண்டு. ஆயுத பூஜையன்று சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்துக்கும், வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கும், காவி கட்டிய சாமியாருக்கும், காவி கட்டிய வெளிநாட்டாருக்கும் அது ஒரே ஸ்தாயியில் கூவுகிறது. பேதம் பாராட்டாத இந்த நிலையை மலையடிவாரத்தில் தவம் செய்து அடைய முயல்வோர் பலர்.

இப்போது சித்தாந்தத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ‘கார்’ என்று சொல்லத்தக்க முழு லக்ஷணமும் பொருந்தியவை ஐந்தே ஐந்து. அவை கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் மட்டும் புறப்படுகின்றன. விநாயகர் தேர், முருகர் தேர், அண்ணாமலையாரின் பெரிய தேர், பெண்களே வடம் பிடிக்கும் அம்மன் தேர், சிறுவர்கள் இழுக்கும் சண்டிகேசுவரர் தேர். பதினொரு நிலையும் 217 அடி உயரமும் உடைய ராஜகோபுரத்தின் முன்னிருந்து கிளம்பி மாட வீதியைச் சுற்றி முடிக்க விடியற்காலையிலிருந்து நள்ளிரவு ஆகும். அவற்றுக்கு பிரேக், முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். தேர் எவ்வளவு வேகமாக ஓடியது என்று எந்த ஊரிலும் யாரும் கேட்பதில்லை. நிலைக்கு வந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள். ஒரு நாள் ஓட்டம், மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகைக்குள் நிற்றல். அப்படி நிற்பதாலேயே தேருக்கு மதிப்பு. மைத்துனரின் வாகனமும் தன்னையறியாமல் இந்த இலக்கணத்துக்கே வந்து சேர்ந்தது. மாட வீதியை ஒட்டிய சந்தில் அதற்குத் தனிக் கொட்டகை, சாத்துவதற்கு உறை, வெள்ளிக்கிழமை தோறும் மாலை. வருஷத்துக்கொரு முறை பணிமனைக்குச் செல்ல 190 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையிலிருந்து ஒரு லாரி வந்து, அதைத் தன் முதுகில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போகும். வாகனமே வேறொரு வாகனத்தில் ஏறிப் புறப்படுகிற அந்த உற்சவத்தைத் தெருவே வாசலில் நின்று பார்க்கும்.

சென்ற தீபத்தின்போது கொடியேற்றத்துக்கு முதல் நாள் கொட்டகைக்குள் போன வண்டி, தீபம் முடிந்தும், தெப்பம் முடிந்தும், மண்டி வேலை மும்முரத்தில் மேலும் நான்கு வாரம் வெளியே வரவில்லை. ஒரு நாள் காலை மைத்துனர் சாவியை அழுத்தினார், கதவு திறக்கவில்லை. நின்ற இடத்திலேயே பேட்டரி உயிரை விட்டிருந்தது. ஊர் கூடித் தேர் இழுக்கலாம் என்று நாலைந்து பேர் தோள் கொடுத்தார்கள். மின்சாரம் இல்லாமல் கியர் விடாது, கியர் விடாமல் சக்கரம் அசையாது என்று டிரைவர் விளக்கினார். கடைசியில் சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த ஒரு குட்டி யானையை நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்துக் கொடுத்தோம். கோயில்களில் அந்தக் காலத்தில் தேரைப் பின்னிருந்து தள்ளுவது யானைதானே. ஐந்நூறு குதிரைகளும் ஒரு குட்டி யானையின் தயவில் கண் விழித்தன. சந்தே அதிர்ந்தது. வண்டி சந்தைக் கடந்து மாட வீதி முனைக்கு வந்தபோது, அங்கே இரும்புத் தடுப்பைக் குறுக்கே இழுத்துவிட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரர் குனிந்து, “பௌர்ணமி சார். நாளைக்குக் காலைல வாங்க” என்றார்.

மைத்துனர் பின்கியர் போடச் சொன்னார். போகவர மொத்தம் 120 மீட்டர், பதினெட்டு நிமிஷம். நேரத்தைக் குறித்துக்கொண்டு, தேர் நிலைக்கு வந்தது என்று குறிப்பேட்டில் எழுதினேன். குட்டி யானைக்காரர் கம்பியைச் சுருட்டியபடி, நாளைக்கும் அவசியப்பட்டால் ஐந்தரை மணிக்குள் இந்தப் பக்கம் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.