ஆணியில் தொங்கிய சாட்சி

கார் கத்தினால் காரணம் சொல்ல சேத்தியாத்தோப்பில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வண்டி காலையில் கிளம்பும்போது 'கீச் கீச்' என்று ஆரம்பித்த வாரமே, தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பானெட்டைத் தூக்கி, அதைத் தாங்கும் கம்பியைப் பிடித்தபடி எல்லாருக்கும் தலையாட்டினேன். பானெட் திறப்பதற்கு முன்னால் பெட்ரோல் மூடியும் டிக்கியும் திறந்துகொண்டதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மரியாதை தெரிந்த தெரு.

கத்துவது பெல்ட்தான் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. பழைய வண்டிகளில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வி-பெல்ட் இருக்கும். 1979-இல் அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் வழியாக வந்த ஏற்பாடு வேறு: உள்பக்கம் வரிவரியாகப் பள்ளம் விழுந்த ஒரே நீளப் பெல்ட், புல்லிகளுக்கு இடையே வளைந்து நெளிந்து போய் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், சில வண்டிகளில் தண்ணீர் பம்ப் என்று அத்தனையையும் சுற்றும். வீட்டில் ஒருத்தர் சம்பாதிக்க மற்றவர்கள் சாப்பிடுவது மாதிரி. அந்த ஒருத்தரும் காலையில் கத்துவார்தான். ஆனாலும் அவரை மாற்றிவிடலாம் என்று இதுவரை சொல்லாதது என் மனைவியின் பெருந்தன்மை.

பெல்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. மெக்கானிக் ஒருவர் பொங்கலுக்கு முன்பே புதுசு போட்டுவிட்டார். ஒழுங்காக ஓடினால் ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி வரவேண்டிய சாமான். ஆடிப்பெருக்குக்குள் ஓரம் நூல் பிரிந்து, பழைய ராகத்தையே பாட ஆரம்பித்தது.

நெல் அரவை மில்லில் காலமெல்லாம் இருந்த பெரியப்பா, "பெல்ட் பசை தடவுடா, வாயைத் திறக்காது" என்றார். மில்லில் ஓடிய பட்டைப் பெல்ட்டுக்கு அது சரி. இந்த வரிப் பெல்ட்டில் பசை தடவினால் சத்தம் ரெண்டு நாள் அடங்கும். பிறகு தூசி அத்தனையும் அதில் ஒட்டிப் பள்ளத்தை அடைக்கும். நான் பழியைச் சாலை மேல் போட்டேன். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வேலை ஆண்டுக்கணக்காக இழுத்ததில் இந்த ஊரில் தூசி தின்னாத பொருள் உண்டா? ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் வேறு. விருத்தாசலம் பக்கம் போனால் பீங்கானுக்கு ஆகிற களிமண். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானே நம்பினேன்.

மச்சினன் நம்பவில்லை. அவன் நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவன். அங்கே பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் பெல்ட் ஓடுகிறது.

"சத்தம் எப்படி மாமா வருது? நீட்டி இழுக்குதா, விட்டு விட்டா?"

"விட்டு விட்டு."

"ஏசி போட்டா கூடுதா?"

"ஏசி போட விடுறது யாரு?" என்றேன். அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

ஏசி போட்டதும், ஸ்டியரிங்கை ஒடித்ததும் நீளமாக 'கிரீச்' என்று வந்தால் பெல்ட் வழுக்குகிறது. டென்ஷனர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஒரு தாளத்தோடு 'கீச் கீச்' என்றால் அலைன்மென்ட் கோளாறு. உறுதி செய்ய, என்ஜின் ஓடும்போதே பெல்ட்டின் வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கச் சொன்னான். சத்தம் கூடினால் வழுக்கல். அடங்கி, காய்ந்ததும் திரும்ப வந்தால் கோணல். சென்னைக்கே குடிக்கத் தண்ணீர் அனுப்புகிற வீராணம் பக்கத்தில் இருக்கையில் அரை டம்ளருக்கா பஞ்சம்? துண்டைக் கழற்றி வைத்து, வேட்டியை இறுக்கி மடித்துக் கட்டி, எட்ட நின்று தெளித்தேன். முதல் வீச்சு முழுக்க மச்சினன் சட்டைக்குப் போனது. அடுத்ததில் சத்தம் அடங்கியது; சற்று நேரத்தில் திரும்ப வந்தது.

கைகழுவக் கொல்லைப்பக்கம் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். ஆணியில் பொங்கலுக்குக் கழற்றிய பழைய பெல்ட் தொங்கியது. எதற்காவது ஆகும் என்று நான் மாட்டி வைத்தது. ஓட்டைக் குடை, கைப்பிடி போன வாளி, ஓடாத மிக்ஸி மோட்டார் வரிசையில் அதற்கும் ஓரிடம். அதை எடுத்து வந்து வண்டியில் இருந்ததோடு சேர்த்துப் பிடித்தான். இரண்டிலும் என்ஜின் பக்கத்து ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. மறு ஓரம் கடையில் வாங்கியபடி.

"தூசின்னா அகலம் பூரா தின்னும் மாமா. ஒரு ஓரத்தை மட்டும் தின்னா, புல்லி கோணல். எங்க மைன்லயும் பெல்ட் ஒதுங்கினா பெல்ட்டைத் திட்ட மாட்டோம், உருளையைத்தான் பார்ப்போம்."

பெண்ணின் ஸ்டீல் ஸ்கேலைக் கேட்டு வாங்கி, புல்லி முகங்களின் மேல் குறுக்கே வைத்துப் பார்த்தான். ஆல்டர்னேட்டர் புல்லி மட்டும் சுமார் இரண்டு மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. முன்பு எப்போதோ அதைக் கழற்றி மாட்டியபோது ஒரு வாஷர் கூடுதலாக ஏறியிருக்கிறது. அதைக் கழற்றிச் சரிசெய்து, தேய்ந்த பெல்ட்டை மாற்றியதும் சத்தம் நின்றது.

கொல்லையைக் காலி செய்யச் சொல்லும் உரிமையை என் மனைவி அன்றோடு இழந்தாள். ஆணியில் இப்போது இரண்டு பெல்ட் தொங்குகின்றன. அந்த வாஷரைக் கழற்றிய கையோடு கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு சின்ன ஆணி தேடிக்கொண்டிருக்கிறேன்.