பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: வீட்டுச் சந்தை சரிந்தால் கடைப்பிடிக்க வேண்டியவை

வீட்டுச் சந்தை என்றைக்காவது விழத்தான் போகிறது. யார் தலையில் விழ வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு கீறலும் விழாது. இந்தக் கலையைக் கற்க 2008-ன் அமெரிக்காவைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 2006-ல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை 2012-க்குள் நாடு முழுக்கச் சராசரியாகக் கால் பங்குக்கு மேல் இறங்கியது. லட்சக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பழி மட்டும் சேதாரமில்லாமல், சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தது.

முதல் வேலை, நல்ல இடமாகப் பார்த்து உட்காருவது. கடன் வாங்குகிறவராக மட்டும் இருந்துவிடாதீர்கள். அவருக்கு மேலே எந்த நாற்காலியானாலும் சரி. தரகரானால் குறைந்த வட்டிக்குத் தகுதியுள்ளவரை அதிக வட்டிக் கடனில் கையெழுத்துப் போட வையுங்கள். கடன் தரும் நிறுவனம் அதற்கென்றே தனிக் கமிஷன் தரும். வருமானம் எவ்வளவு என்ற கட்டத்தை நீங்களே நிரப்பிவிடலாம். சம்பளச் சீட்டு கேட்காத கடன் அது. முதல் இரண்டு வருடம் தவணை தாங்கும்படி இருக்கும், மூன்றாம் வருடம் வட்டி எகிறும். “அதற்குள் வீட்டு விலை ஏறிவிடும், வேறு கடன் வாங்கி இதை அடைத்துவிடலாம்” என்று சொல்லுங்கள். 2006 வரை இது உண்மையாகவும் இருந்தது, ஆகையால் மனசாட்சி உறுத்தாது.

கடன் கொடுக்கும் நிறுவனமானால் கவலை இன்னும் குறைவு. மை காய்வதற்குள் அந்தக் கடனை வால் ஸ்ட்ரீட்டுக்கு விற்றுவிடலாம். வால் ஸ்ட்ரீட்காரர்கள் அப்படி வாங்கிய ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாக்கி, துண்டு போட்டு, பத்திரமாக விற்பார்கள். விற்காமல் நின்ற மட்டமான துண்டுகளை வீணாக்கக் கூடாது. நாலு வீட்டுப் புளித்த மாவை ஒரே குண்டானில் கொட்டி, மேலாக நிற்பதெல்லாம் இன்று அரைத்தது என்று சொல்வதுபோல, அவற்றையும் சேர்த்துப் புதுப் பத்திரமாக்கினால் அதில் பெரும்பகுதிக்கு ‘ட்ரிபிள் ஏ’ என்ற உச்சத் தரம் கிடைத்துவிடும். தரம் சொல்லும் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டுவது பத்திரத்தை விற்பவர்தானே!

தர நிர்ணயக்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் மேல் அமெரிக்க அரசு 2013-ல் வழக்குப் போட்டபோது, அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் வைத்த வாதத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நாங்கள் நடுநிலையானவர்கள் என்று சொன்னதெல்லாம் வழக்கமான விளம்பரப் பேச்சு, விவரம் தெரிந்த முதலீட்டாளர் அதை நம்பியிருக்க மாட்டார். நீதிபதி ஏற்கவில்லை. 2015-ல் 137.5 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். தப்பு செய்தோம் என்று மட்டும் சொல்லவில்லை. கன்ட்ரிவைட் என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தின் தலைவர் ஆஞ்செலோ மொஸிலோவும் இதே பள்ளிதான். தன் நிறுவனம் விற்ற ஒருவகைக் கடனை 2006-லேயே உள் மின்னஞ்சலில் விஷம் என்று எழுதியவர் அவர். 2010-ல் 6.75 கோடி டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டார், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல். அந்தத் தொகையிலும் 2 கோடியை நிறுவனமே கட்டியது.

சந்தை விழுந்ததும் உடனே செய்ய வேண்டியது, பக்கத்து வீட்டுக்காரரைக் கை காட்டுவது. வங்கிகளை மீட்க 2008 அக்டோபரில் 70,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். தவணை கட்ட முடியாதவர்களுக்கு 7,500 கோடி டாலர் திட்டம் 2009 பிப்ரவரியில் வந்தது. அடுத்த நாளே ரிக் சான்டெல்லி என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் சிகாகோ வணிகத் தளத்தில் நின்று கத்தினார்: கூடுதலாக ஒரு குளியலறை கட்டிவிட்டுக் கடன் கட்ட முடியாமல் நிற்கிறவனுக்கு நாம் ஏன் அழ வேண்டும்? சுற்றி நின்ற வியாபாரிகள் ஆரவாரம் செய்தார்கள். ஆத்திரத்துக்கு ஒரு குளியலறை போதும், 70,000 கோடியை யாராலும் கற்பனை செய்ய முடியாது. கோபத்தைக் கிளப்பும்போது சிறிய பொருளாகவே தேர்ந்தெடுங்கள்.

ஒப்பந்தத்தின் புனிதம் பற்றி அடிக்கடி பேசுங்கள். ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தைக் காப்பாற்ற அரசு 18,200 கோடி டாலர் வரை ஏற்பாடு செய்தது. நஷ்டத்துக்கு வழி வகுத்த பிரிவிலேயே 16.5 கோடி போனஸ் கொடுத்தபோது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார்கள். வீட்டுக் கடன்காரருக்கும் அதே போதனைதான். வீட்டின் விலை கடனைவிடக் குறைந்துவிட்டது என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் பிள்ளைகளுக்கு என்ன பாடம் சொல்கிறீர்கள் என்று கேட்டார் அடமான வங்கியாளர் சங்கத்தின் தலைவர். அந்தச் சங்கம் 2007-ல் வாஷிங்டனில் சுமார் 7.9 கோடி டாலருக்குத் தலைமையகம் வாங்கியிருந்தது. 2010-ல் கடனைவிடக் குறைவாக, 4.13 கோடிக்கு அதைத் தள்ளிவிட்டு வெளியேறியது. எத்தனை பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று தகவல் இல்லை.

ஜப்திக்குக் காகிதம் வேண்டும். பல கை மாறிய கடனுக்குக் காகிதம் எங்கே இருக்கும்? கவலை வேண்டாம். ஜார்ஜியாவில் ஒரு நிறுவனம், எழுதச் சுலபமான சின்னப் பெயர் என்பதற்காகத் தன் ஊழியர் ஒருவரின் பெயரைத் தேர்ந்தெடுத்தது. வெவ்வேறு ஆட்கள் நாளெல்லாம் உட்கார்ந்து அந்த ஒரே பெயரில் வெவ்வேறு கையெழுத்தில் ஆவணங்களை முடித்துத் தள்ளினார்கள். காகிதத்தில் அந்தப் பெண்மணி ஒரே சமயத்தில் பல வங்கிகளுக்குத் துணைத் தலைவர்.

வலியைப் பங்கிடும்போது தாராளம் காட்டுங்கள். கடனே வாங்காதவரையும் விடாதீர்கள். மாதாமாதம் வாடகையை ஒழுங்காகக் கட்டியவர், வீட்டுக்காரர் தவணை கட்டவில்லை என்பதற்காக மூட்டை கட்டினார். அவருக்கு 90 நாள் அவகாசம் தரும் சட்டம் 2009 மே மாதம்தான் வந்தது. கிளீவ்லாந்தின் ஸ்லாவிக் வில்லேஜ் பகுதியில் பூட்டிய வீடுகளில் புகுந்து செம்புக் குழாய்களைப் பிடுங்கினார்கள். கடனை முழுக்கக் கட்டி முடித்த அடுத்த வீட்டுக்காரரின் வீட்டு மதிப்பும் சேர்ந்தே இறங்கியது. அந்த நகராட்சி 2008-ல் 21 வங்கிகள் மேல் வழக்குப் போட்டுப் பார்த்தது, தள்ளுபடியானது. கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில் கேட்பாரற்ற நீச்சல்குளங்கள் பச்சை பிடித்துக் கொசு பெருகியதையும், 2007-ல் வெஸ்ட் நைல் காய்ச்சல் கூடியதையும் ஆய்வாளர்கள் முடிச்சுப் போட்டு எழுதினார்கள். கொசுவுக்கு யார் கடன் வாங்கினார் என்ற பேதம் தெரியாது.

யாரையாவது தண்டித்தாக வேண்டுமே என்று மக்கள் கேட்பார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நியூயார்க் சைனாடவுனில் அபகஸ் என்ற சின்னக் குடும்ப வங்கி. மோசடி செய்த ஊழியரைத் தானே கண்டுபிடித்து வேலையைவிட்டு நீக்கி, மேலிடத்துக்கும் சொன்னது. 2012-ல் அந்த வங்கி மேலேயே குற்றச்சாட்டு. ஊழியர்களை ஒருவரோடு ஒருவர் சங்கிலியில் கோத்து நீதிமன்றத் தாழ்வாரத்தில் நடத்திக் கூட்டிப்போனார்கள், புகைப்படக்காரர்கள் பார்க்க. 2015-ல் வங்கி குற்றமற்றது என்று தீர்ப்பு. பெரிய வங்கிகளின் தலைவர்கள் யாரும் அந்தத் தாழ்வாரத்தில் நடக்கவில்லை.

நஷ்டஈடு கொடுக்க மறக்காதீர்கள். 2012-ல் ஐந்து பெரிய வங்கிகள் 49 மாநிலங்களோடு 2,500 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டன. வீடு பறிபோனவர் வீட்டு முகவரிக்கு, அதாவது அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ அங்கே, காசோலை வந்தது: சுமார் 1,480 டாலர்.

கடைசியாக, விலை அடிமட்டத்துக்கு வந்ததும் வாங்கிப் போடுங்கள். பிளாக்ஸ்டோன் நிறுவனம் 2012-லிருந்து அப்படித்தான் பல்லாயிரம் வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டது. நீங்கள் விடும்போது, குடிவர வருகிறவரின் கடன் வரலாற்றைக் கட்டாயம் பாருங்கள். வீடு ஜப்தியானவர் என்ற குறிப்பு அதில் ஏழு வருடம் நிற்கும். அப்படிப்பட்டவரிடம் முன்பணத்தைக் கொஞ்சம் கூட்டியே கேளுங்கள்.