கடைசி பஸ்ஸும் கலாக்ஷேத்ராவும்

சிப்காட்டில் பகல் ஷிஃப்ட் முடித்து, நகக்கண்ணில் கிரீஸ் போகாமலே பஸ் ஏறி, பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ரவீந்திர கலாக்ஷேத்ரா படிகளில் ஜோல்னாப் பையோடு உட்கார்ந்துவிட்டால், எண்பதுகளில் என்னைவிடப் பெரிய அறிவாளி ஓசூர் தாலுகாவிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; நீங்களும் உங்கள் ஊரில் ஏதோ ஒரு படியில் அப்படி உட்கார்ந்தவர்தானே? 1972-ல் நாடக இயக்குநர் பி.வி. காரந்த் அந்த அரங்கின் பின்புறத் திறந்தவெளியில் 'ஒடிபஸ்', 'ஜோகுமாரசுவாமி' எல்லாம் போட்ட கதையை, அப்போது தேன்கனிக்கோட்டைப் பக்கம் டவுசரோடு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நான், முதல் வரிசையில் இருந்து பார்த்தவன் மாதிரி டீக்கடையில் எடுத்துவிடுவேன்.

கட்டடமும் அந்தக் காலத்து நம்பிக்கைக்கு ஏற்றதுதான். 1955-ல் நம்ம ஆவடியில் கூடிய காங்கிரஸ் சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1961-ல் தாகூர் நூற்றாண்டு வந்தது. கலையும் ரேஷன் அரிசி மாதிரி எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்று தலைநகரங்களில் தாகூர் பெயரால் அரங்குகள் எழுந்தன. தில்லியில் ஹபீப் ரஹ்மானும் சண்டிகரில் ஆதித்ய பிரகாஷும் கட்டட வரைபடம் போட்டார்கள். பெங்களூருக்கு 1963-ல் கிடைத்தது. ஏழு வருஷம் முன்னால்தான் விதான சௌதாவில் தூணும் குவிமாடமுமாக அள்ளிக் கொட்டிய ஊர், இங்கே நேர்கோட்டோடு நிறுத்திக்கொண்டது. யாளி இல்லை, கோபுரம் இல்லை. அகலப் படிகள் உண்டு. அதில் உட்கார யாரும் டிக்கெட் கேட்டதில்லை.

ஒரே தொல்லை, கடைசி பஸ். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து ராத்திரி தொடங்கி விடியும்வரை போகும். அர்ஜுனன் தபசு ஏறுவதற்குள் ஒரு தூக்கமும் போட்டுக்கொள்ளலாம். சர்க்கார் அரங்கில் அந்த வசதி கிடையாது. எச்.எம்.டி. ஜனதாவை இருட்டில் கண்ணருகே கொண்டுவந்து மணி பார்த்து, பக்கத்து ஆள்களின் முட்டியை இடித்துக்கொண்டு எழுந்து, கலாசிபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். ஆகவே எந்த நாடகத்துக்கும் முடிவு தெரியாது. பஸ்ஸிலேயே நானாக ஒன்றைச் செய்து, மறுநாள் மெஷின் பக்கத்தில் நின்று அதையே சொல்வேன். சில முடிவுகள் மூலத்தைவிட நன்றாகவே இருந்தன என்பது என் அபிப்பிராயம்.

இப்போது ஓசூர் மாநகராட்சி. வீட்டில் கார். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டுவரை 2010-ல் திறந்த மேம்பாலம். கடைசி பஸ்ஸுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு கிரீஷ் கர்னாடின் 'துக்ளக்' பார்க்கக் கிளம்பினேன். தில்லியே காலியாகட்டும் என்று சுல்தான் உத்தரவு போடும் இடத்தில் அந்தக் காலத்தில் எழுந்து ஓடியவன் நான். இந்த முறை மேம்பாலத்தில் பறந்து, இறங்கிய இடத்தில் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று, ஒருவழியாக அரங்குக்குள் நுழைந்தால், மேடையில் எல்லாரும் தௌலதாபாத் வந்து சேர்ந்துவிட்டிருந்தார்கள். நடுவில் இருந்த பயணத்தை நாங்கள் சில்க் போர்டில் செய்து முடித்திருந்தோம்.

"அந்த ராஜா எதுக்குங்க ஊரை மாத்தினான்?" என்றாள் மனைவி காதோரமாக.

அவள் அண்ணன் மகன், ஐ.டி.க்காரன், அப்போதுதான் பெங்களூரைக் காலி செய்துவிட்டு ஓசூருக்குக் குடிவந்திருந்தான்.

"வாடகை ஜாஸ்தி" என்றேன்.