பர்கரும் பார்வையும்

கே: தொண்டு நிறுவனத் தலைவர்கள் மேடை ஏறினாலே கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்களே... கணக்கு சொன்னால் போதாதா?

ப: 'பதினோரு படுக்கையோடு தொடங்கினோம்' என்று கணக்கு மட்டும் சொல்லியிருந்தால், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? 1976-ல் அதைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்றவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, கண்புரை அறுவை செய்தவர். அப்படிப்பட்டவர் ஆசை ஆசையாகச் சொன்னது எதைப் பற்றித் தெரியுமா? மெக்டொனால்ட்ஸ்! போகிற ஊரிலெல்லாம் ஒரே தரத்தில் பர்கர் தர முடிகிறதென்றால், கண் பார்வையை ஏன் தர முடியாது என்பார். மருத்துவர், செவிலியர், உதவ வந்தவர் எல்லோருக்கும் செய்யவேண்டிய வேலை அதிலேயே விளங்கிவிடும். தலைமை என்பது இதுதான்.

நோயாளியின் கண்ணீரைப் படம்பிடித்து உண்டியல் குலுக்குவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அவருடைய மானத்தை விற்பது. நன்கொடை தருமுன் கதையைக் கேளுங்கள், அப்படியே ஆண்டு வரவு செலவையும் கேட்டு வாங்குங்கள்.