சீனியாரிட்டியில் பின்தங்கிய அப்பா

மத்திய அரசு அலுவலக கேன்டீனில் மாலை டீக்குக் கூடும் கூட்டத்தில் இவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். அகவிலைப்படி இந்த முறை எத்தனை சதவீதம் ஏறும் என்று மற்றவர்கள் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் "எங்க வீட்ல என்னை ஒரு ஆளாவே மதிக்கிறதில்ல சார்" என்று ஆரம்பிப்பார். மதிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு எட்டு வயது, இன்னொருவனுக்கு நாலு.

பிள்ளைகள் அடங்காதவர்கள், மனைவி கொடுமைக்காரி என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். அந்த அம்மாளிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் இவருடைய குறை. அவரும் இவரைப் போலவே மத்திய அரசு ஊழியர். ஒரே சம்பள விகிதம், ஒரே மின்சார ரயில். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டியதும் அவர் துறைத்தலைவர் ஆகிவிடுகிறார், இவர் தற்காலிகப் பணியாளர்.

"கணக்குப் பாருங்க" என்பார். எதையும் விடுப்பு விதிகளிலிருந்து தொடங்கினால்தான் இவருக்குப் பேச்சு வரும். மூத்தவள் பிறந்தபோது மனைவிக்கு மகப்பேறு விடுப்பு 180 நாள். இவருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள். அதிலும் பாதி, பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்ததிலும் பார்க்க வந்தவர்களுக்குப் பால் பாக்கெட் வாங்கி வந்ததிலும் கரைந்துபோனது. ஆக, 165 நாள் பின்தங்கித்தான் தகப்பன் உத்தியோகத்திலேயே சேர்ந்தாராம். அது போதாதென்று, பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. ஆண்களில், மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு மட்டும்தான் அது உண்டு. "எனக்கு அந்தத் தகுதி வரணும்னா ஒண்ணு நீ இருக்கக்கூடாது" என்று ஒருநாள் வீட்டில் விதியை விளக்கப்போய், அன்று ராத்திரி தயிர்சாதத்தை ஊறுகாய் இல்லாமல் சாப்பிட்டார்.

கணக்கு சரிதான். அந்த விடுப்பையெல்லாம் அந்த அம்மாள் எப்போது, எதற்காக எடுத்தார் என்று கேட்டால் மட்டும் இவருக்கு ஞாபகம் வராது.

முயற்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. சின்னவனுக்கு ராத்திரி காய்ச்சல் அடித்தால் முதலில் எழுந்து உட்காருகிறவர் இவர்தான். பாரசிட்டமால் சிரப் இரண்டு பாட்டில் இருக்கும். ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொன்றில் 250. மருந்தின் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று எங்கோ படித்துக் குறித்தும் வைத்திருக்கிறார். செல்போன் வெளிச்சத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடி, லேபிளைப் படித்து, பையனுடைய எடை என்ன என்று யோசித்து, பெருக்கி வகுத்து நிமிர்ந்தால், மருந்து உள்ளே போயிருக்கும், நெற்றியில் ஈரத்துணி விழுந்திருக்கும், பையன் தூங்கியிருப்பான். "போன மாசம் டாக்டர்கிட்டப் போனப்பவே எடை பார்த்து எழுதி பாட்டில்ல ஒட்டிட்டேங்க" என்பார் அந்த அம்மாள், கொட்டாவிக்கு நடுவே. இவர் போட்ட கணக்கிலும் அதே விடைதான் வந்தது. ஆனால் அதைக் கேட்க அங்கே யாரும் விழித்திருக்கவில்லை.

இவரை உண்மையிலேயே வதைப்பது மனைவியின் அடக்கம். பெருமை அடித்துக்கொண்டால் சண்டை போடலாம். அவரோ எதையுமே சொல்லிக் காட்டுவதில்லை. "ஷூவை நீங்களே மாட்டி விடுங்களேன்" என்று வாய்ப்புக்கூடத் தருவார். இவர் மண்டிபோட்டு, மூச்சு வாங்கக் கட்டி முடிப்பார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து, லேஸை அவிழ்த்து, மறுபடி கட்டுவார். திட்டினால்கூடத் தேவலை.

பள்ளிக்கூடத்தில் வேறு விதம். பெற்றோர் கூட்டத்துக்குத் தனியாகப் போனால், மகள் படிப்பது மூணாம் வகுப்பு 'பி'யா 'டி'யா என்று வாட்ச்மேன் கேட்டதற்கே இவருக்கு வியர்த்துவிடும். காதில் இரண்டும் ஒன்றுபோலத்தானே விழுகிறது! உள்ளே போய் உட்கார்ந்ததும் டீச்சர் முதல் கேள்வியாக, "மேடம் வரலையா சார்?" என்பார். பெற்ற தாயாவது ஆதரவாக இருக்கக் கூடாதா? பேரன் அழும்போது இவர் தூக்கினால், "உனக்கு ஏன்டா அது? அவகிட்டக் குடு" என்று அந்த மாமியாரே மருமகள் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார். நம் ஊரில் இது லேசில் நடக்கிற காரியமா!

இவர் கையிலிருக்கும் ஒரே ஆயுதம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பிள்ளைகளை மெரினாவுக்குக் கூட்டிப்போவார். ராட்டினம், பலூன் சுடுதல், மிளகாய் பஜ்ஜி, அம்மா கண்ணில் காட்டாத பஞ்சுமிட்டாய் என்று லஞ்சம் தாராளமாகப் புழங்கும். நடுவில் மகள் போனை வாங்கி வீடியோ காலில் வீட்டைக் கூப்பிடுவாள். "அம்மா, பஜ்ஜி சூப்பர். உனக்கு ரெண்டு எடுத்துட்டு வரேன்." வாங்கித் தந்தவர் பின்னணியில், மணலில் காணாமல் போன ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

மகள் இப்போதெல்லாம் அப்பாவிடம் ரொம்பப் பக்குவமாக நடந்துகொள்கிறாள். கேன்டீனில் இவர் சொல்லாமல் விழுங்குவது இதைத்தான். வீட்டுப்பாடத்தில் கஷ்டமான கணக்கையெல்லாம் அம்மாவிடம் முடித்துக்கொண்டு, ஏற்கெனவே விடை தெரிந்த ஒன்றை மட்டும் இவரிடம் கொண்டுவருகிறாள். "இது எனக்கு வரவே இல்லப்பா, நீதான் சொல்லித் தரணும்." இவர் அரைமணி நேரம் விளக்குகிறார். அவள் கண்ணை விரித்துத் தலையாட்டுகிறாள். ராத்திரி ஒன்பது மணிக்கு சார்ட் வேண்டும் என்றால், "அப்பா போனாத்தான் கடைக்காரர் நல்லதா குடுப்பார்" என்கிறாள். எட்டு வயதில் இந்த நிர்வாகத் திறமை எங்கிருந்து வந்ததோ. அப்பா வழியில் இல்லை.

போன வாரம் மனைவிக்கே பொறுமை போய்விட்டது. கேன்டீன் புலம்பல் பெண்கள் பிரிவு வழியாக அவர் காதுக்கும் போயிருக்கிறது. "இந்தப் பெரிய பதவி எனக்கு வேண்டாங்க. திங்கட்கிழமையிலேர்ந்து நீங்களே எடுத்துக்குங்க" என்று சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிட்டார். அஞ்சேகாலுக்கு எழுந்திருக்கணும். இரண்டு டப்பா, இரண்டும் வேற வேற. சின்னவன் கறிவேப்பிலை கண்டால் சாப்பிட மாட்டான். மகளுக்கு ரெட்டைப் பின்னல், வகிடு நேராக இருக்கணும். புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம், செவ்வாய் ராத்திரியே தேய்ச்சு வைக்கணும். தாளின் பின்பக்கமும் எழுத்து இருந்தது.

பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், மத்திய அரசில் ஒரு வருஷத்துக்கு அதை மறுபடி தர மாட்டார்கள். ஊர் மாற்றலுக்குப் பயந்து அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் இவர் செக்‌ஷனிலேயே உண்டு. இவர் தாளை இருபுறமும் நிதானமாகப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று செருப்பை மாட்டினார். வீட்டில் யாரும் கேட்காமலேயே இரண்டு பால் பாக்கெட்டும் அரைக் கிலோ தக்காளியும் வாங்கி வந்தார்.

மறுநாள் நாலு மணிக்கு கேன்டீனில் அதே மேஜை. "எங்க வீட்ல என்னை எதையுமே செய்ய விடறதில்ல சார்" என்றார்.